குரூப் 4-க்குப் புதிதாகப் படிக்க உட்காருகிறவர்களுக்கு: புத்தகத்தைத் திறக்கும் முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துகிற குரூப் 4, அதாவது கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற அரசு வேலைகளுக்கான தேர்வு, எழுதலாம் என்று நினைத்தவுடன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த புக் வாங்கணும், எந்த அகாடமி நல்லா இருக்கும்?" என்பதுதான். அதற்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அது அப்புறம். எங்கள் ஊரில் வார இறுதிகளில் இந்தத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே புத்தகத்தைப் படித்து, ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர் வேலைக்குப் போய்விடுகிறார், அல்லது வேலை கிடைக்காவிட்டாலும் தெம்பாக வேறு பக்கம் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுகிறார். இன்னொருவர் பல வருடம் கழித்தும் நூலகத்தில் அதே மேசையில், போன வருடத்து நடப்பு நிகழ்வுகளைப் புரட்டிக்கொண்டு, யாராவது பேர் கேட்டால்கூடக் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் மூளையில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. ஆரம்பத்தில் சில விஷயங்களை ஒருவர் தானாக முடிவு செய்தார், மற்றவர் அதையெல்லாம் காலத்தின் போக்கில் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"மனசு வச்சா முடியாதது எதுவுமில்ல" என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வதை நான் சொல்லப்போவதில்லை. 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கையில் இருந்தது 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம், நேரில் போய் எழுதியவர்களே 15 லட்சத்துக்கும் மேல். பின்னால் இடங்களை 9,000-க்கு மேல் கூட்டினார்கள், அப்படியும் நூற்றைம்பது பேருக்கு மேல் ஒரே ஓர் இடம். அடுத்த வருடம், 2025 ஜூலை 12 தேர்வுக்கு அறிவிக்கையில் வந்தது 3,935 இடங்கள்தான். எல்லோரும் மனது வைத்தாலும் இடம் அவ்வளவுதான் என்கிற உண்மையைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். உங்கள் கையில் இருப்பது இரண்டு: அந்தப் போட்டியில் நிற்கிற அளவுக்குத் தயாராவது, தயாராகிற அந்த வருடங்களைப் பாழாக்காமல் வாழ்வது. இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: இந்த வேலை உங்களுக்கு எதற்கு?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். "அரசாங்க உத்தியோகம்னா மரியாதை", "அம்மா ஆசைப்படுறாங்க", "மாப்பிள்ளை பார்க்கும்போது கேட்பாங்க" என்று வருவதையெல்லாம் எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அதில் உங்களுடைய காரணம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயமாக வர வேண்டும், அப்பாவின் மருத்துவச் செலவுக்கு ஒரு பிடிமானம் வேண்டும், இப்படி ஏதாவது. படிப்பு கசந்துபோகும் நாட்களில் அந்த ஒரு காரணம்தான் எழுப்பி உட்காரவைக்கும். அடுத்தவர் ஆசை மூன்றாவது மாதத்தோடு தீர்ந்துவிடும்.

அதோடு, வேலையை நேரில் போய்ப் பாருங்கள். படிக்கிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை, எனக்கு அது ஆச்சரியமாகவே இருக்கிறது. உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நாள் போய் நில்லுங்கள். காலையில் வருமானச் சான்றிதழுக்கு நாலு பேர், பட்டா மாறுதலுக்கு இரண்டு பேர், நடுவில் தாசில்தார் அலுவலகத்திலிருந்து போன், மதியம் அடங்கலுக்காக (எந்த வயலில் என்ன பயிர் என்கிற பதிவேடு) வயல் வரப்பில் நடை, மழைக்காலமென்றால் ராத்திரியில் ஏரிக்கரை. இளநிலை உதவியாளர் வேலை வேறு மாதிரி: வந்த தபாலைத் தன்பதிவேட்டில் (தன்னிடம் வந்த தபால்களைக் குறித்து வைக்கிற பதிவேடு) ஏற்றுவது, கோப்பு எழுதி மேலே அனுப்புவது, அது திருத்தத்தோடு திரும்பி வருவது. இரண்டுமே தொடக்க ஊதியம் 19,500 ரூபாய் நிலையில் வருபவை, அதற்கு மேல் அகவிலைப்படியும் மற்ற படிகளும் உண்டு. ஆனால் வாழ்கிற நாள் இரண்டிலும் வேறு வேறு. கூட்டத்தோடு பேசப் பிடித்தவருக்கு ஒன்று ஒத்துவரும், தனியாக உட்கார்ந்து எழுதப் பிடித்தவருக்கு மற்றது. இடம் கிடைத்த பிறகு, "இதுக்கா இத்தனை வருஷம் படிச்சேன்" என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல பையன். அவன் ஒரு நாள்கூட முன்னால் போய்ப் பார்த்ததில்லை.

எத்தனை முறை என்பதை இப்போதே எழுதி வையுங்கள்

வருடக் கணக்கில் எல்லை வைக்காதீர்கள், அறிவிக்கைக் கணக்கில் வையுங்கள். "இரண்டு அறிவிக்கை எழுதுவேன், மூன்றாவதை வேலை பார்த்துக்கொண்டே எழுதுவேன்" என்பது போல. ஏனென்றால் இந்தத் தேர்வின் காலம் நம் கையில் இல்லை. 2022 ஜூலை 24-இல் எழுதியவர்களுக்கு முடிவு வந்தது 2023 மார்ச் மாதக் கடைசியில். அதற்குப் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கவுன்சிலிங், அப்புறம்தான் போஸ்டிங். 2024-இல் வேகமாக விட்டார்கள், ஜூனில் எழுதியதற்கு அக்டோபரில் முடிவு. ஆக ஒரு முயற்சி என்பது படிப்பையும் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு மேல் விழுங்கிவிடும். எல்லை வைக்காதவர் என்ன செய்கிறார் என்றால், தேர்வு எழுதிவிட்டு ஆன்சர் கீ பார்க்கிறார், கட்-ஆஃப் (இடம் கிடைக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்) எவ்வளவு வரும் என்று டெலிகிராமில் கேட்கிறார், முடிவு வருகிறவரை எதிலும் மனது ஒட்டாமல் இருக்கிறார், முடிவில் மூன்று கேள்வியில் போய்விட்டது என்று தெரிகிறது, "இவ்வளவு கிட்ட வந்துட்டோமே" என்று மறுபடி உட்காருகிறார். "கிட்ட வந்துட்டோம்" என்கிற இந்த ஒரு நினைப்பில் போன வருடங்கள் நிறைய பேருக்கு உண்டு.

முடிவு செய்த எல்லையை வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்பா அம்மாவை உட்காரவைத்து, இத்தனை முறை எழுதுவேன், அதுவரை கல்யாணப் பேச்சையோ வேறு வேலைப் பேச்சையோ எடுக்க வேண்டாம், அதற்கு மேல் நானே வேறு வழி பார்த்துக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பயமே இது எங்கே போய் முடியும் என்று தெரியாததுதான். பெண்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் முக்கியம். "நீ சும்மாதானே இருக்க" என்று வீட்டு வேலை முழுவதும் தலையில் விழும், இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திப் படிக்க ஒரு நேரத்தை வாயைத் திறந்து கேட்டு வாங்காவிட்டால் யாரும் தானாகத் தரமாட்டார்கள். கேட்டு வாங்குங்கள். நேரம் சொல்லிக் கேளுங்கள்: "காலையில அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்கம்மா" என்று.

இருக்கிற வேலையை விடலாமா?

குரூப் 4-க்காக விட வேண்டாம் என்பது என் கருத்து. குரூப் 1, குரூப் 2 என்றால் முதன்மைத் தேர்வில் பக்கம் பக்கமாக விரிவாக எழுத வேண்டும், அங்கே கணக்கு வேறு. குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரம், ஒரே தேர்வு, நேர்காணல் கிடையாது. தினம் மூன்று மணி நேரம் ஒழுங்காகக் கிடைத்தால் போதும். வேலையை விட்டவர்கள் முதல் இரண்டு மாதம் பத்து மணி நேரம் படிப்பார்கள், பிறகு கையில் காசு குறையக் குறைய, படிக்கிற நேரத்தில் பாதி கவலைக்குப் போய்விடும். வேலையில் இருப்பவருக்கு ஒரு தேர்வு கைவிட்டுப் போனாலும் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கும், அதனாலேயே தேர்வறையில் கை நடுங்காது. ஷிப்ட் மாறி மாறி வருகிற, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலையாக இருந்தால் மட்டும், அதைவிட லேசான வேலைக்கு மாற முடியுமா பாருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சரி. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று சொல்வார்கள்தான், ஆனால் வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிறவருக்கு அந்த இரண்டாவது கால்தான் விழாமல் நிற்கவைக்கிறது.

இனி புத்தகம்

200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அதனால் தேர்வாணையத் தளத்தில் இருக்கிற கடைசிப் பதிப்பை நீங்களே இறக்கி, அச்செடுத்து, படிக்கிற இடத்தில் ஒட்டுங்கள். யாரோ அனுப்பிய பழைய பி.டி.எஃப். வேண்டாம்.

புத்தகம் என்றால் 6 முதல் 10 வரை அரசுப் பாடநூல்கள்தான் அடித்தளம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அகாடமி நோட்ஸ் அதற்கு மேல் ஒன்று போதும், மூன்று அகாடமி நோட்ஸ் வைத்திருக்கிறவர் எதையுமே இரண்டாம் முறை படித்திருக்கமாட்டார். காசு கொடுத்து வகுப்புக்குப் போக வசதியில்லை என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடக்கிறது, போய்க் கேளுங்கள். அங்கே படித்துப் போனவர்கள் உண்டு.

தமிழ்ப் பாடநூலை எப்படிப் படிப்பது என்று மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓர் இயலை எடுத்தால் முதலில் பாடலையோ உரைநடையையோ கதை படிப்பதுபோல ஒரு முறை படித்துவிடுங்கள், கோடு போட வேண்டாம். இரண்டாவது முறை, "நூல்வெளி" என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்களே, அதிலிருந்து தொடங்குங்கள்: ஆசிரியர், அவருடைய பிற நூல்கள், இந்தப் பகுதி எந்த நூலில் இருந்து எடுக்கப்பட்டது. பிறகு சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம். மூன்றாவது முறை புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் அந்த இயலில் இருந்து கேட்கக்கூடிய பத்துக் கேள்வியை நீங்களே எழுதுங்கள். நிறைய பேர் இந்த மூன்றாவதைச் செய்யமாட்டார்கள், நேரம் வீணாகிறது என்பார்கள். ஆனால் படித்தது மண்டையில் ஏறியதா என்று தெரிவது அங்கேதான். முதல் நாள் நாலு கேள்விகூட வராது, பரவாயில்லை.

"எனக்குக் கணக்கு வராது"

இதை என்னிடம் சொல்லாத பிள்ளை அபூர்வம். ஏழாவதில் யாரோ ஓர் ஆசிரியர் கரும்பலகை முன்னால் நிற்கவைத்துத் திட்டியிருப்பார், அன்றைக்கு எடுத்த முடிவை இன்றுவரை சுமந்துகொண்டிருப்பார்கள். 25 கேள்வி என்பது 37.5 மதிப்பெண். விழுக்காடு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.பெ.கா., மீ.சி.ம., பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும். இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். 5,000 ரூபாய்க்கு 8 விழுக்காட்டில் இரண்டு வருடத்துக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் எவ்வளவு? சூத்திரம் மனப்பாடம் செய்தவர் மறந்தால் மாட்டிக்கொள்வார். யோசித்தால் எளிது: முதல் வருட வட்டி 400 ரூபாய், இரண்டிலும் அதேதான். இரண்டாம் வருடம் கூட்டுவட்டிக்காரர் அந்த 400-க்கும் வட்டி கேட்பார். 400-க்கு 8 விழுக்காடு 32. விடை 32 ரூபாய், முடிந்தது. கடைக்கு வட்டிக்கு வாங்கிச் சீட்டுக் கட்டுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயமே இல்லை. "வராது" என்பதை "இன்னும் பழகல" என்று மாற்றிக்கொண்டு, தினம் பத்துக் கணக்கு மட்டும், ஒரு நாளும் விடாமல் போட்டவர்கள் இருபதுக்கு மேல் சரியாகப் போடுகிற இடத்துக்கு வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

தேர்வு எழுதிப் பழகுவது

பாடம் முழுவதையும் முடித்துவிட்டு மாதிரித் தேர்வு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே பழைய வினாத்தாள் ஒன்றை எழுதுங்கள், எண்பது மதிப்பெண் வந்தாலும் சரி, எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, காலை 9.30-க்குத் தொடங்கி 12.30-க்கு முடிகிற மாதிரி, உண்மையான ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டத்தை நிரப்பி எழுத வேண்டும். ஒரு கேள்விக்கு 54 வினாடிதான், வட்டம் நிரப்புகிற நேரமும் அதற்குள்ளேயே.

தவறான கேள்விகளை ஒரு தனி நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் போடுங்கள். பாடமே தெரியாததா, படித்தும் மறந்ததா, அல்லது "பொருந்தாததைத் தேர்ந்தெடு" என்பதைப் "பொருந்துவது" என்று படித்ததா? மூன்றாவது வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக இருக்கும். அதற்கு மருந்து படிப்பு அல்ல, நிதானம், ராத்திரி தூக்கமும்தான். தவறான விடைக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், விடை தெரியவில்லை என்பதற்கான ஐந்தாவது, "E" வட்டத்துக்குப் போகாமல் நான்கில் ஒன்றை யோசித்து நிரப்புங்கள். ஆனால் ஒவ்வோர் அறிவிக்கையிலும் இந்த விதியை ஒரு முறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாள் கடினமாக வந்தால்? 2025 தேர்வில் தமிழ்ப் பகுதி மிகவும் கடினம் என்று எழுதியவர்கள் பலர் வெளியே வந்து குமுறினார்கள். அந்த நேரத்தில் அறைக்குள் இருந்தவர்களில் இரண்டு வகை இருந்திருக்கும். பத்துக் கேள்வியிலேயே மனது உடைந்து மீதியை அரைகுறையாக நிரப்பியவர் ஒருவர். எனக்குக் கடினம் என்றால் எல்லோருக்கும் கடினம்தான், கட்-ஆஃப் இறங்கும், இதில் எனக்குத் தெரிந்ததை விடாமல் எடுப்போம் என்று கணக்குப் பகுதிக்குப் போனவர் இன்னொருவர். இந்த மனநிலை தேர்வன்று திடீரென்று வராது. அதனால் மாதிரித் தேர்வுகளில் வேண்டுமென்றே கடினமான தாள் சிலவற்றை எழுதி அந்தப் பதற்றத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

போன், சொந்தக்காரர்கள், தட்டச்சு

டெலிகிராம் குழுக்களில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டு வெளியே வாருங்கள். அங்கே கிடைக்கிற செய்தியைவிட அங்கே தொற்றுகிற பயம் பெரிது. கல்யாண வீட்டில் பெரியப்பா, "என்னம்மா, இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியா?" என்று கேட்பார். கோபப்பட வேண்டாம், கல்யாணத்துக்குப் போகாமல் ஒளியவும் வேண்டாம். "ஆமாம் பெரியப்பா, இந்த வருஷமும் எழுதுறேன், கூடவே வேலைக்கும் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காருங்கள். எல்லையையும் வேறு வழியையும் முன்பே முடிவு செய்தவருக்கு இந்தப் பதில் தடுமாறாமல் வருகிறது.

தட்டச்சு பழகச் சொல்வேன், இதை அழுத்தமாகவே சொல்கிறேன். தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (தட்டச்சில் முதுநிலைத் தேர்வு) முடித்தவர்களுக்கு முன்னுரிமை. போட்டியிடுகிறவர்கள் குறைவு என்பதால் பொதுவாக இளநிலை உதவியாளருக்கான கட்-ஆஃபைவிடக் குறைந்த மதிப்பெண்ணுக்கே இடம் கிடைக்கிறது. இன்ஸ்டிட்யூட்டில் தினம் ஒரு மணி நேரம். படித்துக் களைத்த தலைக்கு அந்த ஒரு மணி நேரம் விரல் வேலை நல்லதும்கூட. குரூப் 4 கிடைக்காமலே போனாலும் அந்தச் சான்றிதழ் உங்களோடு இருக்கும்.

அதேபோல, படிக்கிற பாடம் பல இடத்துக்குப் பொதுவானது என்பதை ஆரம்பத்திலேயே பயன்படுத்துங்கள். சீருடைப் பணியாளர் தேர்வு, கூட்டுறவு வங்கித் தேர்வுகள், குரூப் 2 முதல்நிலை, எல்லாவற்றிலும் இதில் பாதியாவது வரும். ஒரே வாசலில் நிற்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு பெண் குரூப் 4-இல் இரண்டு முறை சில கேள்விகளில் விட்டு, மூன்றாவதை எழுதாமல் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தாள். தோற்றுவிட்டதாக அவள் பேசி நான் கேட்டதில்லை. தான் வைத்த எல்லையைத் தானே மதித்தவள் என்கிற நிமிர்வு அவளிடம் இருக்கிறது. இடம் கிடைத்தும் புலம்பிக்கொண்டிருக்கிற சிலரைவிட அவள் நன்றாகவே வாழ்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

தேர்வாணையத் தளத்தில் ஒருமுறைப் பதிவை (விண்ணப்பிக்கும் முன் உங்கள் விவரங்களைப் பதிந்து வைப்பது) செய்துவிடுங்கள். 150 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கிறபடியே இருக்க வேண்டும், ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தப் போடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த சான்றிதழ், நீங்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று தலைமை ஆசிரியரிடமும் போக வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் பூட்டியிருக்கும், தேர்வு நேரத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. அதனால் ஒரு வேலை நாளில், மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்னால், பழைய மாற்றுச் சான்றிதழ் நகலோடு போய்க் கேளுங்கள்.